அம்மாவழி வந்தது என்றால் அம்மாவின் தவறா? தசைச் சிதைவு நோய்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

டுஷென் தசைச் சிதைவு நோயைப் பற்றியும், அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில பரம்பரைத் தசை நோய்களைப் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்தை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்துவிட்டோம்.

என் மகனுக்கு 5 வயது. அடிக்கடி விழுகிறான், படி ஏற முடியவில்லை. தரையிலிருந்து எழும்போது முட்டியிலும் தொடையிலும் கையை ஊன்றித்தான் எழுகிறான். எஸ்.ஜி.பி.டி. அதிகமாக இருந்ததால் ஆறு மாதம் கல்லீரலுக்கு மருந்து கொடுத்தோம். இப்போது சி.பி.கே. 16,400 வந்திருக்கிறது, டுஷென் நோயாக இருக்கலாம் என்கிறார்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் யாருக்கும் இப்படி இருந்ததில்லை. ‘உன் வழியில்தான் வந்திருக்கும்’ என்று மாமியார் சொல்கிறார். உண்மையா?
– வாசகி, திண்டுக்கல்

முதலில் அந்த ஆறு மாதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இந்தத் தடம் மாறல் நிறையக் குழந்தைகளுக்கு நடக்கிறது. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் இரண்டும் கல்லீரலில் மட்டும் இருப்பவை அல்ல, தசையிலும் இருக்கின்றன. தசை செல்லின் உறை கிழிந்தால் இவையும் சி.பி.கே. என்ற தசை நொதியும் சேர்ந்தே ரத்தத்தில் கசியும். கல்லீரலா தசையா என்று பிரித்துப் பார்க்க ஜி.ஜி.டி. என்ற சோதனை போதும். அது தசையிலிருந்து வருவதில்லை. ஜி.ஜி.டி. சரியாக இருந்து, மஞ்சள் காமாலையும் இல்லாமல், எஸ்.ஜி.பி.டி. மட்டும் நூற்றுக்கணக்கில் நிற்கும் பையனுக்கு அன்றைக்கே சி.பி.கே. பார்த்துவிட வேண்டும். வழக்கமாக 200-ஐ ஒட்டி இருக்கவேண்டிய அளவு டுஷென்னில் பத்தாயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். கெண்டைக்கால் சதை பருத்துப் பார்க்கப் பலசாலியாகத் தெரிவதால் பெற்றோர் ஏமாந்துபோவதும் உண்டு.

ஆனால் சி.பி.கே. எவ்வளவு உயர்ந்தாலும் அது தசை சேதமாகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். எந்த நோய் என்பதை மரபணுச் சோதனைதான் சொல்லவேண்டும். அதைச் செய்யாமல் ‘டுஷென்’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

இனி, எங்கிருந்து வந்தது என்பது. தசை செல்லின் உள் எலும்புக்கூட்டை வெளி உறையோடு கட்டிவைக்கும் புரதம் ஒன்று இருக்கிறது, பெயர் டிஸ்ட்ரோஃபின். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை தசை சுருங்கும்போதும் உறையில் கீறல் விழும். கால்சியம் உள்ளே புகும், செல் சாகும், அந்த இடத்தில் நாரும் கொழுப்பும் வந்து உட்காரும். இந்தப் புரதத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கிறது. பாஸ்டனில் லூயி குன்கெலின் குழு 1986, 87 ஆண்டுகளில் இதைக் கண்டுபிடித்தது. மனித உடலின் மிகப் பெரிய மரபணுக்களில் ஒன்று இது: கிட்டத்தட்ட 22 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள். அதில் கடைசியில் பயன்படும் 79 துண்டுகளுக்கு எக்ஸான் என்று பெயர். எல்லாம் சேர்ந்தாலும் சுமார் 14,000 எழுத்துதான். தசை செல் இந்த மரபணுவை ஒரு தடவை படியெடுக்கவே ஏறக்குறைய 16 மணி நேரம் ஆகிறது. இவ்வளவு நீளமான ஏட்டில் பிழை புதிதாக விழ இடம் அதிகம்.

அதனால்தான் ‘எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லையே’ என்பது இந்த நோயில் வழக்கமான கதை. தோராயமாக மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளின் தாய்மார்கள் கேரியர்கள், அதாவது தங்களுக்கு நோய் இல்லாமல் பிழையை மட்டும் சுமப்பவர்கள். மூன்றில் ஒரு பங்கில் பிழை அந்தக் குழந்தையில் புதிதாக ஏற்பட்டது. தாய் கேரியர் என்றாலும், பிழை அவரிலேயே புதிதாகத் தோன்றியிருக்கலாம். அதுவும் எழுத்துப்பிழை மாதிரியான சிறு மாற்றங்கள் பல நேரம் அம்மாவின் அப்பாவிடம், விந்தணு உருவாகும்போது நேர்ந்தவை. தாத்தாவுக்கு நோய் இருக்காது, அம்மாவுக்கும் இருக்காது, பேரனில்தான் தெரியவரும். தலைமுறை தலைமுறையாகப் பெண்களாகவே பிறந்த வீட்டிலும் இது ஒளிந்து நடந்துவரும்.

பையனுக்கு எக்ஸ் ஒன்றுதான், அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். அப்பா மகனுக்குத் தருவது ஒய். ஆகவே ‘அம்மாவழி’ என்பதில் உண்மை இருக்கிறது. ‘அம்மாவால்’ என்பதில் துளியும் இல்லை. கர்ப்பத்தில் சாப்பிட்டது, பார்த்தது, கிரகணத்தில் வெளியே போனது எதுவும் இதற்குக் காரணமில்லை. உங்கள் மாமியாரிடம் இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள்.

மகனின் எம்.எல்.பி.ஏ. என்ற மரபணுச் சோதனை அறிக்கையில் ‘48 முதல் 50 வரை எக்ஸான் இல்லை’ என்று இருக்கிறது. மருத்துவமனையில் சந்தித்த 35 வயதுக்காரர் ஒருவருக்கு 45 முதல் 55 வரை, மொத்தம் 11 எக்ஸான் இல்லையாம். அவர் நடக்கிறார், வேலைக்குப் போகிறார். குறைவாக இழந்த என் மகனுக்கு ஏன் கடுமையான நோய்?
– வாசகர், ஈரோடு

எவ்வளவு தொலைந்தது என்பதைவிட, மிச்சம் இருப்பது படிக்கும்படி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். மரபணுவை செல் மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிக்கும், நடுவில் இடைவெளி கிடையாது. மூன்று எழுத்துச் சொற்களால் ஆன ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்:

அவள் மகன் மரம் நடும் இடம்

இதில் ‘மகன்’ என்ற மூன்று எழுத்தும் போனால் ‘அவள் மரம் நடும் இடம்’. ஒரு சொல் குறைந்தது, ஆனாலும் படிக்கலாம். அதற்குப் பதில் ‘க’ என்ற ஒரே எழுத்து போகட்டும். மும்மூன்றாகப் படித்தால் ‘அவள் மன்ம ரம்ந டும்இ டம்’ என்று வரும். பிழை விழுந்த இடத்துக்குப் பின்னால் எல்லாமே உளறல். செல்லும் சீக்கிரமே ஒரு ‘நிறுத்து’ குறியில் முட்டிக்கொண்டு படிப்பதை விட்டுவிடும், புரதம் உருவாகாது.

உங்கள் மகனின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 48-வது எக்ஸானில் 186 எழுத்து, 49-ல் 102, 50-ல் 109. கூட்டினால் 397. மூன்றால் வகுத்தால் 1 மிச்சம். வரிசை குலைந்துவிட்டது, அதனால் டுஷென். அந்த 35 வயதுக்காரர் இழந்த 11 எக்ஸான்களையும் கூட்டினால் 1,779 எழுத்து, மூன்றால் வகுத்தால் சரியாக 593. நடுவில் ஒரு பெரிய துண்டு இல்லாவிட்டாலும் இரண்டு முனையும் சரியாக இணைந்து, குட்டையான ஆனால் வேலை செய்யும் டிஸ்ட்ரோஃபின் கிடைக்கிறது. இந்த மிதமான வகைக்கு பெக்கர் தசைச் சிதைவு என்று பெயர். ஒரே மரபணு, ஒரே புரதம், இரண்டு விதமான வாழ்க்கை.

இந்தக் கணக்கு பத்தில் ஒன்பது பேருக்கு ஒத்துவரும். மீதிப் பேருக்கு ஒத்துவராது. ஆகவே அறிக்கையை மட்டும் வைத்து ‘இத்தனை வயதில் நடை நிற்கும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குழந்தை எப்படி நடக்கிறான் என்பதையும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

உங்கள் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. 397-உடன் 51-வது எக்ஸானின் 233 எழுத்தையும் சேர்த்தால் 630, மீதியில்லாமல் மூன்றால் வகுபடும். அதாவது 51-ஐயும் செல் தாண்டிப் போகும்படி செய்தால் வரிசை திரும்பச் சரியாகும். ‘எக்ஸான் ஸ்கிப்பிங்’ மருந்துகளின் அடிப்படை இதுதான். 51-க்கான எட்டெப்லிர்சென் 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது உருவாக்கித் தரும் டிஸ்ட்ரோஃபின் மிகச் சிறிய அளவுதான், வாரந்தோறும் நரம்பில் ஏற்றவேண்டும், விலை மிக அதிகம். கடனை வாங்கி அதன் பின்னால் ஓட நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் எந்தப் புதிய ஆய்வு வந்தாலும் முதலில் கேட்பது எந்த எக்ஸான் என்பதைத்தான். அந்த அறிக்கையை லேமினேட் செய்யாமல், இரண்டு நகல் எடுத்துப் பத்திரமாக வையுங்கள்.

அறிக்கையில் ‘ஒரே ஒரு எக்ஸான் இல்லை’ என்று வந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எம்.எல்.பி.ஏ. சோதனையில் எக்ஸானைத் தேடும் துணுக்கு ஒட்டவேண்டிய இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தாலே ஒட்டாமல் போகும், எக்ஸானே இல்லாதது போலக் காட்டும். இன்னொரு முறையில் உறுதி செய்தார்களா என்று கேளுங்கள். எம்.எல்.பி.ஏ.யில் எதுவும் கிடைக்கவில்லை என்றாலும் நோய் இல்லை என்று பொருளில்லை. எக்ஸான்களின் நீக்கமும் இரட்டிப்பும்தான் அதில் தெரியும், மொத்த நோயாளிகளில் நாலில் மூன்று பேருக்கு அது விடை தரும். மீதிப் பேருக்கு மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சீக்வென்சிங் வேண்டும். அதிலும் கிடைக்காமல் நோயின் அடையாளங்கள் மட்டும் தெளிவாக இருந்தால்தான் தசைத் துணுக்கு எடுக்கவேண்டி வரும். இரண்டு ரத்தச் சோதனைக்கும் தேவை ஊதா மூடிக் குழாயில் சில மில்லி ரத்தம், அவ்வளவே. வெறும் வயிறு தேவையில்லை. குழாயை உறைய வைக்கக் கூடாது.

முதல் மகனுக்கு டுஷென். இப்போது எனக்கு 7 வாரம். கேரியர் சோதனையில் எனக்கு ‘இல்லை’ என்று வந்ததால் இந்தக் குழந்தைக்குப் பயமில்லை என்று உறவினர் சொல்கிறார். ஸ்கேனில் தெரியுமா?
– வாசகி, மணப்பாறை

ஸ்கேனில் தெரியாது. டவுன் குறைபாட்டுக்காகச் செய்யும் வழக்கமான ரத்தச் சோதனையிலும் தெரியாது. தசை பிறக்கும்போது பார்வைக்குச் சரியாகவே இருக்கும்.

உங்களுக்கு ‘இல்லை’ என்று வந்தது நல்ல செய்திதான், ஆனால் முழு நிம்மதி அல்ல. சோதனை செய்தது உங்கள் ரத்தத்தை. பிழை கருமுட்டைகளில் ஒரு பகுதியில் மட்டும் இருந்தால் ரத்தத்தில் தெரியாது. இதனால் ரத்தத்தில் பிழையில்லாத தாய்க்கு இரண்டாவது மகனும் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் உண்டு. அந்த ஆபத்து சில சதவீதம்தான். ஆனாலும் கருவைச் சோதிக்கத் தகுந்த காரணம் அது. (கேரியர் என்று உறுதியான தாய்க்குக் கணக்கு வேறு: பிறக்கும் மகனுக்குப் பாதிக்குப் பாதி நோய் வர வாய்ப்பு, மகளுக்குப் பாதிக்குப் பாதி கேரியராக வாய்ப்பு.) சிலர் சி.பி.கே. மட்டும் பார்த்துக் கேரியர் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். கணிசமான கேரியர்களுக்கு சி.பி.கே. இயல்பாகவே இருக்கும், அது சோதனையே அல்ல.

ஏழாவது வாரம் என்பதால் உங்களுக்கு நேரம் இருக்கிறது, ஆனால் நிறைய இல்லை. இந்த வாரமே மகனின் அறிக்கையோடு மரபணு ஆலோசனை உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். எந்தப் பிழை என்று தெரிந்தால்தான் கருவில் எதைத் தேடுவது என்று ஆய்வகத்துக்குத் தெரியும். மகனுக்கு மரபணுச் சோதனையே செய்யாமல் ‘கருவைச் சோதியுங்கள்’ என்று 13-வது வாரத்தில் வந்து நிற்கும்போதுதான் எல்லாம் சிக்கலாகிறது. 11 முதல் 14 வாரத்துக்குள் ஸ்கேன் பார்த்துக்கொண்டே வயிற்றின் வழியாக ஊசி செலுத்தி நஞ்சுக்கொடியின் திசுவைத் துளி எடுப்பார்கள். அந்தக் காலம் தவறினால் 16 வாரத்துக்கு மேல் பனிக்குட நீர். கருச்சிதைவு அபாயம், அனுபவமுள்ள கையில், நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் எதிர்ப்பொருள் உருவாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை நினைவுபடுத்துங்கள். எடுத்த திசுவில் உங்கள் செல்கள் கலந்திருந்தால் முடிவு தப்பாகிவிடும், ஆகவே கலப்பு இல்லை என்று ஆய்வகம் சோதித்ததா என்று கேட்கலாம். இதற்காக உங்கள் ரத்தமும் கூடவே எடுக்கப்படும்.

கருவின் பாலினத்தைச் சொல்வது சட்டப்படி குற்றம், ஆனால் பாலினம் சார்ந்த மரபணு நோயைக் கண்டறிவது அதே சட்டம் அனுமதிக்கும் காரணம்தான். பதிவு பெற்ற மையத்தில் செய்யுங்கள். 2021 திருத்தத்துக்குப் பிறகு, கருக்கலைப்புக்கு 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்து போதும், 20 முதல் 24 வாரம் வரை இருவர் தேவை, 24-ஐத் தாண்டினால் மருத்துவக் குழு. முடிவு பாதிப்பு என்று வந்தால் என்ன செய்வது என்பதை நீங்களும் கணவரும்தான் தீர்மானிக்கவேண்டும். சோதனை செய்துவிட்டதால் கலைத்தே ஆகவேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்த முடியாது.

ஒரு வார்த்தை கேரியர் என்று உறுதியான வேறு தாய்மாருக்கு: இதயத் தசையிலும் இதே புரதம்தான். உங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை ஈ.சி.ஜி.யும் எக்கோவும் பார்த்துக்கொள்ளுங்கள். மகனின் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலையும் அம்மாக்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

நான் அக்கா மகளைக் கட்டியவன். எங்கள் மகளுக்கு 9 வயது, இடுப்பிலும் தொடையிலும் பலமில்லை, சி.பி.கே. 7,800. டுஷென் பெண்ணுக்கு வராது என்கிறார்களே? சொந்தத்தில் கட்டியதுதான் காரணமா?
– வாசகர், விருதுநகர்

டுஷென்னுக்கு சொந்தத்தில் கட்டுவது காரணமே இல்லை. அது எக்ஸில் வரும் நோய், அப்பா யாராக இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் உங்கள் மகளுக்கு இருப்பது அநேகமாக வேறு நோய், அதில் உங்கள் கேள்விக்கு ஆம் என்றுதான் பதில் வரக்கூடும்.

பெண் குழந்தையில் இதே அறிகுறி இருந்தால் முதலில் நினைக்கவேண்டியது ‘லிம்ப் கர்டில்’ தசைச் சிதைவு. இடுப்பு, தோள்பட்டைத் தசைகளைத் தாக்கும் பல நோய்களுக்கு ஒரே பெயர். அதில் சார்கோகிளைக்கன் என்னும் நான்கு புரதங்கள் டிஸ்ட்ரோஃபினுக்குப் பக்கத்திலேயே செல் உறையில் உட்கார்ந்திருப்பவை. அவற்றில் ஒன்று இல்லாமல் போனாலும் உறை அதே மாதிரி கிழியும், அதனால் பார்வைக்கு டுஷென் போலவே தெரியும். இவற்றின் மரபணுக்கள் 4, 5, 13, 17-ம் குரோமோசோம்களில் இருக்கின்றன. எக்ஸில் அல்ல. ஆணும் பெண்ணும் சமம். அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் பிழை வந்தால்தான் நோய். பெற்றோர் இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒன்று வாய்ப்பு.

எல்லோரும் இப்படிச் சில பிழைகளைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறோம். யாரோ அந்நியரைக் கட்டினால் இருவரிடமும் அதே மரபணுவில் பிழை இருப்பது அபூர்வம். மாமனும் அக்கா மகளும் மரபணுவில் கால் பங்கைப் பகிர்ந்தவர்கள், அத்தை மகன், மாமன் மகள் எட்டில் ஒரு பங்கை. ஒரே முன்னோரிடமிருந்து வந்த ஒரே பிழை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு இதனால் கூடுகிறது. சொந்தத்தில் கட்டிய பெரும்பாலோருக்கு ஆரோக்கியமான குழந்தைகள் பிறக்கிறார்கள் என்பதும் உண்மை.

செய்யவேண்டியது: டிஸ்ட்ரோஃபினை மட்டும் பார்க்காமல், தசை நோய் மரபணுக்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்க்கும் பேனல் சோதனை. அதில் ‘முக்கியத்துவம் தெளிவில்லாத மாற்றம்’ என்று வந்தால் அது நோயின் விடை அல்ல. உங்கள் இருவரின் ரத்தத்தையும் சோதித்து, இருவரிடமும் அதே மாற்றம் தலா ஒரு பிரதியில் இருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் எதையாவது சொல்ல முடியும். அந்தத் தெளிவில்லாத மாற்றத்தை வைத்து அடுத்த கருவைச் சோதிக்க வேண்டாம். டுஷென் அபூர்வமாகப் பெண்ணுக்கும் வரும். இரண்டு எக்ஸில் நல்லது செயலிழந்து, பிழையுள்ளது மட்டும் பெரும்பாலான செல்களில் வேலை செய்தால் அப்படி நடக்கும். ஆனால் முதலில் தேடவேண்டியது அதை அல்ல.

பலவீனம் இருந்தும் சி.பி.கே. இயல்பாகவோ லேசாக மட்டும் உயர்ந்தோ இருந்தால் தசையைவிட நரம்பின் பக்கம் பார்க்கவேண்டும். முதுகுத்தண்டுத் தசை மெலிவு நோய், சுருக்கமாக எஸ்.எம்.ஏ., அதுவும் இருவரிடமிருந்தும் வரும் வகைதான். 5-வது குரோமோசோமில் எஸ்.எம்.என்.1 என்ற மரபணு இரண்டு பிரதியிலும் காணாமல் போயிருக்கும். அதற்கு மருந்து இருக்கிறது, சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம். காத்திருக்கவே கூடாது.

என் தம்பிக்கு டுஷென். 2009-ல், 19 வயதில் இறந்துவிட்டான். மரபணுச் சோதனை எதுவும் செய்யவில்லை. இப்போது எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். நான் கேரியரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஸ்டெம் செல் சிகிச்சை வந்துவிட்டதாகச் சொல்கிறார்களே?
– வாசகி, தஞ்சாவூர்

கடைசிக் கேள்விக்கு முதலில். டுஷென்னைக் குணப்படுத்தும் ஸ்டெம் செல் சிகிச்சை எதுவும் நிரூபிக்கப்படவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்கள் போன்ற சிலவற்றைத் தவிர மற்றதற்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே தரலாம். ஆய்வுக்குக் காசு கேட்டால் அது ஆய்வே அல்ல. மரபணு ஊசி ஒன்று 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது உண்மைதான். ஆனால் 2025-ல், நடக்க முடியாத நிலையில் அதைப் பெற்றவர்கள் கல்லீரல் செயலிழந்து இறந்ததால் அதற்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். தம்பி மட்டுமே பாதிக்கப்பட்டவர் என்றால், எதையும் சோதிக்காத நிலையில் உங்கள் வாய்ப்பு மூன்றில் ஒன்று: அம்மா கேரியராக இருக்க மூன்றில் இரண்டு, அதில் உங்களுக்கு வர பாதி.

முதலில் தம்பிக்குத் தசைத் துணுக்கு எடுத்திருந்தார்களா என்று பழைய கோப்பில் பாருங்கள். மெழுகில் பதித்த திசு பல மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். அதிலிருந்து டி.என்.ஏ. எடுக்க முயலலாம், தரம் போதாமலும் போகலாம். கிடைக்காவிட்டால் உங்களைவிட முதலில் உங்கள் அம்மாவைச் சோதிப்பதுதான் சரி. எம்.எல்.பி.ஏ., அதில் இல்லாவிட்டால் சீக்வென்சிங். அம்மாவிடம் பிழை கிடைத்தால் அதே பிழையை மட்டும் உங்களிடம் தேடினால் போதும். விடை உறுதியாக ஆம் அல்லது இல்லை என்று வரும். அம்மாவிடம் கிடைக்காவிட்டாலும் நீங்களும் ஒருமுறை முழுமையாகச் சோதித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முன்னே சொன்னபடி பிழை கருமுட்டைகளில் மட்டும் இருந்திருக்கலாம். இரண்டும் ‘இல்லை’ என்றால் உங்கள் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும்.

கேரியர் என்றே வந்தாலும் கல்யாணத்துக்குத் தடை எதுவும் இல்லை. கருவுற்றதும் 11-வது வாரத்தில் சோதிப்பது ஒரு வழி. செயற்கைக் கருத்தரிப்பில் கருவைப் பதிக்கும் முன்பே சோதித்துப் பாதிப்பில்லாததைத் தேர்வது இன்னொரு வழி, செலவு கூடியது. மாப்பிள்ளை வீட்டில் எப்போது, யாரிடம் சொல்வது என்பது உங்கள் உரிமை. அறிக்கை கையில் இருந்தால் வதந்தியை அல்ல, விவரத்தைச் சொல்லலாம். உங்கள் சித்தி, பெரியம்மா, அவர்களின் மகள்களுக்கும் இந்தச் சோதனை பொருந்தும். அம்மாவின் முடிவு வந்ததும் அவர்களுக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

பாதிக்கப்பட்ட பிள்ளை இன்று வீட்டில் இருக்கும் மற்ற வாசகர்களுக்கு இந்தக் கடிதத்திலேயே ஒரு சேதி இருக்கிறது. சோதனை செய்யும் ஆய்வகத்திடம் ‘டி.என்.ஏ.வைச் சேமித்து வைப்பீர்களா, எத்தனை ஆண்டு?’ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பத்து ஆண்டு கழித்து அவன் தங்கைக்கு அந்தச் சில துளி தேவைப்படும்.